பாட்டன் கொண்டுவந்த பாஸ்போர்ட்டைப் படித்துப் பாருங்கள்: நீலகிரி மலையின் வருவாய்த் துறை அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வட்டாட்சியர்களுக்கும், வருவாய் ஆய்வாளர்களுக்கும், கிராம நிர்வாக அலுவலர்களுக்கும்,

இலங்கைத் தோட்டங்களில் உழைத்து, 1964 ஒப்பந்தத்தின்படி இந்தியப் பாஸ்போர்ட்டோடு தாயகம் திரும்பியோரின் பேரப்பிள்ளைகள் இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி சாதிச் சான்றுக்கோ பிறப்பிடச் சான்றுக்கோ மனுப் போட்டால், "இந்தியக் குடியுரிமைக்கான ஆதாரம் இணைக்கவும்" என்ற ஒற்றை வரியோடு மனு திரும்பி வருகிறது. சில கோப்புகளில் "இலங்கை அகதி" என்றே குறிப்பு ஏறிவிடுகிறது. கல்லூரிச் சேர்க்கையும் உதவித்தொகையும் நாள் தவறிப் போகின்றன. எந்த அலுவலகம், எந்த அலுவலர் என்று இங்கே சொல்லப் போவதில்லை. ஒருவரை மாற்றினால் தீரும் குறை அல்ல இது. இந்த மக்களைத் தொட்ட குடியுரிமைச் சட்டங்கள் இரண்டு நாடுகளிலும் முக்கால் நூற்றாண்டாக மாறி மாறி வந்திருக்கின்றன. எந்த மாற்றம் யாருக்குப் பொருந்தும் என்பதை அலுவலகங்களுக்கு யாரும் தெளிவாகச் சொல்லித் தரவில்லை. அதனால் இதை விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில் இலங்கை. 1947 தேர்தலில் இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர் வாக்குப் போட்டார்கள். இலங்கை இந்தியர் காங்கிரஸ் 7 இடங்களை வென்றது. அடுத்த ஆண்டே 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் எண் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1948 நவம்பர் 15-க்கு முன் அந்த மண்ணில் பிறந்தவராகவே இருந்தாலும், தகப்பனார் அங்கே பிறந்தவர் என்று காட்ட வேண்டும். இல்லையென்றால் தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டும். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் பிறந்து லயத்தில் செத்தவர்களுக்குப் பிறப்புப் பதிவு எங்கே இருக்கும்? 1949-இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் (அங்கே வசிப்போர்) சட்டம் ஒரு வாசலைத் திறந்தது. 1946 ஜனவரி 1-க்கு முன், மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் தொடர்ச்சியாக இலங்கையில் வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். ஊருக்குப் போய் 12 மாதத்துக்கு மேல் தங்கியிருந்தால் தொடர்ச்சி அறுந்தது. மனுப் போட 1951 ஆகஸ்டு வரை இரண்டே ஆண்டு அவகாசம். எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மனுப் போட்டதில், சுமார் 1,34,000 பேருக்குத்தான் பிரஜாவுரிமை கிடைத்தது. 1952 தேர்தலில் அந்த மக்கள் பெயர் வாக்காளர் பட்டியலிலேயே இல்லை.

ஒரு தலைமுறை முழுவதும் நாடற்றவர்களானது கடுதாசி இல்லாததால்தான். அதே கேள்வியை, அதே தொனியில், அவர்கள் பேத்தியிடம் இந்த மலையில் கேட்பதைத்தான் எங்களால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

1964 அக்டோபர் 30-ஆம் தேதி இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் செய்தார்கள். நாடற்றவர்கள் 9,75,000 பேர் என்று கணக்கு. 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு முடிவு செய்வது. அந்த மிச்சத்தை 1974-இல் ஆளுக்குப் பாதியாக, 75,000 வீதம் பிரித்துக்கொண்டார்கள். இந்தியா தன் பங்குக்கு விண்ணப்பம் வாங்கி, விசாரித்து, 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 5-வது பிரிவில் பதிவு செய்து, இந்தியப் பாஸ்போர்ட் கொடுத்தது. அதன்பிறகுதான் தலைமன்னாரில் கப்பல் ஏறினார்கள். ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் குடும்ப அட்டையோடு (ரேஷன் அட்டை அல்ல, தாயகம் திரும்பிய குடும்பத்தாரின் பெயர்கள் உள்ள தாள்) வேலைத் திட்டமோ கடனோ ஒதுக்கப்பட்டு, மலைக்கும் சமவெளிக்கும் பிரிந்து போனார்கள்.

இதில் உங்கள் கவனத்துக்கு வர வேண்டியது வரிசைதான். குடியுரிமை முதலில், பயணம் பிறகு. தலைமன்னாரில் கப்பல் ஏறும்போதே அவர்கள் இந்தியக் குடிமக்கள். இங்கே வந்து தஞ்சம் கேட்டவர்கள் அல்லர். ஆகவே அகதி என்ற சொல் அவர்களுக்கு ஒரு நாளும் பொருந்தியதில்லை.

இலங்கையில் 1983 இனக் கலவரத்துக்குப் பிறகு படகில் வந்து அகதி முகாம்களில் பதிந்துகொண்டவர்கள் வேறு வகை. அவர்களிலும் கணிசமானோர் மலையகத் தமிழர்தான், அதாவது இலங்கைத் தோட்டங்களின் இந்திய வம்சாவளித் தமிழர். உறவுமுறையும் ஒன்று, பேச்சும் ஒன்று. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. 1984-இல் போர் காரணமாகக் கப்பல் நின்றபோது, இந்தியக் குடியுரிமை கிடைத்தும் வர முடியாமல் சுமார் 84,000 பேர் அங்கேயே தங்கிப்போனார்கள். இலங்கை 1986, 1988 சட்டங்களாலும், 2003-ஆம் ஆண்டின் 35-ஆம் எண் சட்டத்தாலும் மிச்சமிருந்தோருக்குக் குடியுரிமை கொடுத்து அந்தக் கணக்கை முடித்துக்கொண்டது. ஒப்பந்தத்தில் இங்கே வந்து சேர்ந்தவர்களின் கணக்கு அதற்கு முன்பே முடிந்துவிட்டது. முடிந்த கணக்கைத்தான் மறுபடி திறக்கிறீர்கள்.

இனி இந்தியாவின் 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம். பிறப்பால் குடியுரிமை பற்றிய 3-வது பிரிவு மூன்று காலமாகப் பிரிந்து கிடக்கிறது. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும் குடிமகன். 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 2 வரை பிறந்தவருக்குத் தாய் தந்தையரில் ஒருவர் குடிமகனாக இருந்தால் போதும். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவருக்கு இருவருமே குடிமக்களாக இருக்க வேண்டும்; ஒருவர் மட்டும் குடிமகன் என்றால், மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. பாஸ்போர்ட் இல்லாமல் படகில் வந்து இறங்கியவரைச் சட்டம் அந்தப் பட்டியலில்தான் வைக்கிறது.

இதை ஒரு வீட்டில் வைத்துப் பாருங்கள். தாய் தந்தை இருவரும் ஒப்பந்தத்தில் வந்தவர்கள், அல்லது அப்படி வந்தவர்களின் பிள்ளைகள் என்றால், குழந்தை எந்த ஆண்டில் பிறந்தாலும் குடிமகன். மூன்று காலத்தில் எதை எடுத்தாலும் விடை மாறாது. அந்த மனுவில் குடியுரிமை ஆதாரம் கேட்க இடமே இல்லை. தந்தை தாயகம் திரும்பியவர், தாய் முகாமில் பதிவானவர் என்றால்தான் தேதி பார்க்க வேண்டும். அந்த வீட்டில் 2003-இல் பிறந்த அக்காள் குடிமகள். 2005-இல் பிறந்த தம்பிக்குச் சிக்கல். தாய் தந்தை இருவருமே முகாமைச் சேர்ந்தவர்கள் என்றாலும், 1986-இல் இந்தியாவில் பிறந்த மூத்த பிள்ளை இந்தியக் குடிமகன்தான். 1988-இல் பிறந்த இளையவர் அல்லர். 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒருவருக்குப் பாஸ்போர்ட் தர வேண்டும் என்று 2022-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தீர்ப்பளித்தது இந்த விதியை வைத்துத்தான்.

ஆக, மனுவைப் பார்த்ததும் கேட்க வேண்டியவை இரண்டே: பிறந்த தேதி என்ன, பெற்றோர் எந்த வழியில் வந்தவர்கள்? இவற்றுக்கு விடை தெரியாமல் பொதுவாக "ஆதாரம் கொண்டுவா" என்றால், கொண்டுவர ஒன்றும் இல்லை. பிறப்பால் குடிமகனான ஒருவருக்கு இந்நாட்டில் தனியாகக் குடியுரிமைச் சான்றிதழ் என்று ஒன்று வழக்கமாகக் கொடுப்பதில்லை. உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடமும் அது இருக்காது. உண்மையிலேயே ஐயம் எழும் ஒரு கோப்பில், 13-வது பிரிவின்படி மத்திய அரசிடம் சான்று கேட்கலாம். யாருக்குக் குடியுரிமை உண்டு, யாருக்கு இல்லை என்று தீர்மானிக்கும் அதிகாரம் வட்ட அளவில் இல்லை.

அண்மைக் காலத்தில் கெடுபிடி கூடியதற்குக் காரணம் எங்களுக்குப் புரிகிறது. 2019 குடியுரிமைச் சட்டத் திருத்தம் பேச்சாக அடிபட்டது; 2024 மார்ச்சில் அதற்கு விதிகள் வந்தன. அது பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த ஆறு மதத்தாருக்கானது. இலங்கை அதில் இல்லவே இல்லை. 2025 செப்டம்பர் 1 முதல் குடிவரவு மற்றும் வெளிநாட்டினர் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. 1920, 1939, 1946, 2000-ஆம் ஆண்டுகளின் நான்கு பழைய சட்டங்கள் அதற்கு வழிவிட்டன. 2015 ஜனவரி 9 வரை இங்கு தஞ்சம் புகுந்து பதிந்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாத குற்றத்திலிருந்து விலக்கு அளித்து ஆணை வந்தது. நல்ல ஆணை. ஆனால் அது முகாம் மக்களுக்கு உரியது. குடியுரிமை தருவதும் இல்லை. வெளிநாட்டினர் சட்டம் வெளிநாட்டினரைப் பற்றியது. 1970-இல் இந்தியப் பாஸ்போர்ட்டோடு வந்தவரின் பேரனை அந்தச் சட்டத்தின் பக்கம் திருப்பிவிட எந்த முகாந்திரமும் இல்லை. வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தின்போது பிறந்த தேதியைப் பார்த்து ஆவணம் கேட்டதில், எங்கள் குடும்பங்கள் மறுபடியும் அரண்டுபோயின. பட்டியலில் பெயர் இருந்தும், சான்றுக்குப் போனால் சந்தேகப்படுகிறார்களே என்ற பயம் லயத்துக்கு லயம் பரவிக் கிடக்கிறது.

ஆவணங்களைப் பற்றி. இங்கேதான் பெரும்பாலான மனுக்கள் சறுக்குகின்றன.

பழைய பாஸ்போர்ட்டில் நீங்கள் பார்க்க வேண்டியது முதல் பக்கம் மட்டும் அல்ல. அன்று சிறு பிள்ளைகளுக்குத் தனிப் பாஸ்போர்ட் கிடையாது; தகப்பனார் அல்லது தாயார் பாஸ்போர்ட்டில் பெயரும் வயதும் எழுதியிருக்கும். ஆறு வயதில் வந்தவருக்கு இன்று ஐம்பது தாண்டியிருக்கும். அவர் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் அந்த ஒரு வரிதான். இணையத்தில் ஏற்றும் கோப்புக்கு அளவு வரம்பு இருப்பதால், மையத்தில் முகப்புப் பக்கத்தை மட்டும் ஸ்கேன் செய்து அனுப்பிவிடுகிறார்கள். பிள்ளைகள் பக்கமும் வருகை முத்திரை உள்ள பக்கமும் உங்கள் திரைக்கு வருவதே இல்லை. "பெயர் இல்லை" என்று நீங்கள் திருப்புவது இல்லாத பெயரை அல்ல, அனுப்பப்படாத பக்கத்தை. மனுதாரரை அழைத்து அசலைப் புரட்டிப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலை.

குடும்ப அட்டை நான்காக மடித்து, வருஷக்கணக்கில் தகரப் பெட்டியில் இருந்த தாள். மடிப்பு ஓடும் இடத்தில்தான் முதலில் கிழியும்; கடைசிப் பிள்ளைகளின் பெயர் பெரும்பாலும் அந்த இடத்தில் வருகிறது. காப்பாற்றுவதாக எண்ணி லேமினேஷன் போட்டுவிடுகிறார்கள். சூட்டில் பழைய மை மங்கிவிடுகிறது, பின்பக்க முத்திரையும் தெரியாமல் போகிறது. லேமினேஷன் போட்டது என்பதற்காக அசலையே மறுக்காதீர்கள். குடும்பங்களுக்கும் சொல்கிறோம்: இனியாவது அதை உறைக்குள் போட்டு வையுங்கள், சூடு காட்டாதீர்கள்.

பெயர் பொருந்தாமை இன்னொன்று. தோட்டத்துக் கணக்குப்பிள்ளை காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதினார். அது கண்டியில் பாஸ்போர்ட் எழுதும்போது ஒருமுறை, மண்டபத்தில் ஒருமுறை, ரேஷன் அட்டையில் ஒருமுறை, ஆதாரில் ஒருமுறை என்று எழுத்து மாறியே வந்திருக்கிறது. ராமாயி ஒரு தாளில் ராமாய், இன்னொன்றில் ராமாயம்மாள். வயதும் அப்படித்தான், நாள், மாதம் இல்லாமல் ஆண்டு மட்டும் இருக்கும், அதுவும் உத்தேசம். எழுத்துக்கு எழுத்துப் பொருத்தம் தேடினால் ஒருவரும் தேற மாட்டார்கள். தகப்பன் பெயர், இலங்கையில் இருந்த தோட்டத்தின் பெயர், பிள்ளைகளின் வரிசை ஆகிய மூன்றையும் வைத்துப் பாருங்கள். இரண்டு பொருந்தினாலே ஆள் ஒன்றுதான் என்று துணிந்து சொல்லலாம். மிச்சத்துக்கு உறுதிமொழிப் பத்திரம் வாங்கிக்கொள்ளுங்கள்.

சாதிச் சான்றில் சிக்கல் வேறு விதம். இலங்கைப் பிறப்புச் சான்றிதழில் இனம் என்ற இடத்தில் "இந்தியத் தமிழர்" என்றுதான் இருக்கும், சாதி இருக்காது. பாஸ்போர்ட்டிலும் இருக்காது. ஆகவே "தகப்பனார் சாதிச் சான்று கொண்டுவா" என்பது வராத தாளைக் கேட்பது. ஆனால் பூர்வீக ஊர் பல குடும்பங்களின் பழைய தாள்களில் எழுதியிருக்கும், அந்த ஊரில் பங்காளிகள் இன்றும் இருப்பார்கள். அதைப் படிப்பதிலும் ஒரு கவனம் வேண்டும். அன்றைக்கு எழுதியது அன்றைய மாவட்டம். "திருச்சி மாவட்டம்" என்றிருந்தால் அது இன்றைய புதுக்கோட்டையாக இருக்கலாம், கரூராக, பெரம்பலூராகவும் இருக்கலாம். "சேலம் மாவட்டம், நாமக்கல்" என்பது 1997 முதல் தனி மாவட்டம். விசாரணைக் கடிதம் தவறான மாவட்டத்துக்குப் போய், "அப்படி ஓர் ஊர் எங்கள் எல்லையில் இல்லை" என்று திரும்பி வந்து, மனு தள்ளுபடியாகிறது. ஊர்ப் பெயரைத் தேடி இன்றைய வட்டத்தைக் கண்டுபிடித்து அனுப்புவது அலுவலகத்தின் வேலை. தேயிலை பறித்துவிட்டு அரைநாள் கூலியை இழந்து வந்து நிற்கும் அம்மாவின் வேலை அல்ல.

இந்த மலையிலேயே இருக்கும் ஒரு சான்றை யாரும் தொடுவதில்லை. தாயகம் திரும்பியோருக்கு வேலை தருவதற்காக 1968-இல் வனத்துறை தொடங்கிய தேயிலைத் திட்டம்தான் பிறகு அரசு தேயிலைத் தோட்டக் கழகம், டான்டீ ஆனது. வேலையில் சேர்த்ததே இந்த மக்களை என்பதால், அங்குள்ள பணிப்பதிவேடு ஒரு குடும்பம் எந்த வழியில் வந்தது என்பதற்கு நல்ல துணைச் சான்று. வைப்புநிதிக் கணக்கில் வாரிசுகளின் பெயரும் இருக்கும். கழகத்தின் 2,152 ஹெக்டேர் நிலத்தை வனத்துறைக்கே திருப்பித் தர 2022-இல் அரசு முடிவெடுத்தது. பிரிவு அலுவலகங்கள் மூடும்போது, பழைய பேரேடுகள் கரையானுக்குப் போகும் முன் அவற்றைப் பிரதி எடுத்தாக வேண்டும். ஓய்வு பெற்றவர் லயத்து வீட்டைக் காலி செய்தால் முகவரிச் சான்றும் கூடவே போகிறது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். கூடலூர்ப் பக்கம், பழைய நிலக்கிழார் உரிமையை நீக்கிய ஜன்மம் ஒழிப்புச் சட்டத்தின் 17-வது பிரிவில் உரிமை தீராமல் கிடக்கும் நிலத்தில் குடியிருப்பவர்களுக்குப் பட்டாவும் இல்லை, பலருக்கு மின் இணைப்பும் இல்லை. மின் கட்டண ரசீது கொண்டுவா என்று அவர்களிடம் கேட்பதில் என்ன பொருள் இருக்கிறது?

எங்கள் கோரிக்கைகள் இவை.

ஒப்பந்தத்தில் வந்ததைக் காட்டும் பாஸ்போர்ட், குடும்ப அட்டை, டான்டீ பணிப்பதிவேடு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலே அந்தக் குடும்பத்தின் குடியுரிமை தீர்ந்த விஷயம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் மனுவில் அந்தக் கேள்வி மறுபடி எழக் கூடாது. இதை மாவட்ட அளவில் சுற்றறிக்கையாக வெளியிட்டு, ஒவ்வொரு கிராம நிர்வாக அலுவலர் மேசைக்கும் இ-சேவை மையத்துக்கும் அனுப்புங்கள். பாஸ்போர்ட்டின் எந்தெந்தப் பக்கங்களை ஸ்கேன் செய்ய வேண்டும் என்பதும் அதில் இருக்கட்டும்.

"இலங்கை அகதி" என்று தவறாகக் குறிப்பு ஏறிய கோப்புகளை நீங்களே எடுத்துத் திருத்துங்கள். மனுதாரர் திரும்ப விண்ணப்பித்து, மறுபடி பணம் கட்டி அலையக் கூடாது.

தாள் முழுவதும் தொலைந்துபோன குடும்பங்களுக்கு மண்டபம் முகாமின் வருகைப் பதிவேட்டை அலுவலகத்துக்கு அலுவலகம் கடிதம் எழுதி நீங்களே பெறுங்கள். எழுபது வயதுப் பாட்டியை மலையிறங்கி மாநிலத்தின் மறுகோடிக்குப் போகச் சொல்லாதீர்கள். அந்தப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றி வட்ட அலுவலகத்திலேயே பார்க்கும்படி செய்ய, மறுவாழ்வுத் துறைக்கு மாவட்ட நிர்வாகம் பரிந்துரை அனுப்ப வேண்டும்.

மனுவைத் திருப்பினால் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, எந்தத் தாள் என்று எழுத்தில் கொடுங்கள். "போதிய ஆதாரம் இல்லை" என்பது காரணம் ஆகாது. அதை வைத்து மேல்முறையீடும் செய்ய முடியாது.

தாயோ தந்தையோ முகாமைச் சேர்ந்தவராக இருந்து, 2004 டிசம்பருக்குப் பின் பிறந்த பிள்ளைகளின் கோப்பைத் தனியாகப் பிரியுங்கள். அந்தப் பிள்ளை இந்தியாவுக்குள் நுழைந்த பிள்ளை அல்ல, இங்கேயே பிறந்த பிள்ளை. பாஸ்போர்ட் இல்லாமல் நுழைந்தவர் என்ற வரையறை அதற்குப் பொருந்தாது என்று வாதிட இடமிருக்கிறது. பதினெட்டு வயது முடியும் முன், குடிமக்களின் மைனர் பிள்ளைகளைப் பதிவதற்கான 5(1)(டி) பிரிவிலோ, சிறப்புச் சூழ்நிலையில் மைனர் பிள்ளையைப் பதிய மத்திய அரசுக்கு அதிகாரம் தரும் 5(4) பிரிவிலோ விண்ணப்பிக்கலாம் என்பதை அந்தப் பெற்றோருக்குச் சொல்லி அனுப்புங்கள். வயது கடந்தபின் அந்த வாசல்கள் அடைபடும். வந்த விண்ணப்பத்தை விதியில் உள்ள 60 நாளுக்குள் மேலே அனுப்புங்கள். முடிவு சொல்ல வேண்டியது மத்திய அரசு. 2019 ஜூனில் மதுரைக் கிளை, முகாம்களில் வாழும் மலையகத் தமிழர் 65 பேர் தொடர்ந்த வழக்கில், அவர்களின் விண்ணப்பங்களை மேலே அனுப்பவும் மத்திய அரசு 16 வாரத்துக்குள் முடிவெடுக்கவும் உத்தரவிட்டது. கீழ்மட்டத்திலேயே விண்ணப்பத்தை நிறுத்திவைக்க அதற்குப் பிறகு நியாயம் இல்லை.

வரும் கல்வி ஆண்டுச் சேர்க்கை தொடங்குவதற்கு முன், தாயகம் திரும்பியோர் வாழும் டான்டீ பிரிவுகளிலும் லயங்களிலும் வட்டத்துக்கு ஒன்றாகச் சிறப்பு முகாம் போடுங்கள். அசல் ஆவணத்தைப் பார்த்து அன்றைக்கே குறிப்பு எழுதும் அதிகாரத்தோடு ஒரு துணை வட்டாட்சியர் அங்கே உட்காரட்டும். மனுக்களை நிரப்பி, பக்கங்களை வரிசைப்படுத்தி, பழைய மாவட்டத்துக்கு இன்றைய வட்டம் எது என்று குறித்துத் தருகிற வேலையை நாங்கள் செய்கிறோம். முகாம் நாளை அறிவியுங்கள்.

இப்படிக்கு,
நீலகிரி மலையில் தாயகம் திரும்பியோர் குடும்பங்களுக்கு மனு எழுதிக் கொடுப்போர்